ஹெக்ஸ் ஃபைல் இருக்க ஆப்ஜெக்ட் ஃபைல் எதற்கு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "அண்ணா, இறுதியாண்டு புராஜெக்டுக்காக எஃப்பிஜிஏ (வேண்டிய சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டில் சொந்தமாக ஒரு 16 பிட் பிராசசர் செய்திருக்கிறோம். அசெம்பிளரும் (எழுதிய புரோகிராமை பிராசசருக்கான எண்களாக மாற்றுவது) எழுதிவிட்டோம். அது நேராக ஹெக்ஸ் ஃபைல் கொடுக்கிறது. எங்கள் கைடு, ஆப்ஜெக்ட் ஃபைல் ஃபார்மட் ஒன்றை வரையறுத்து வா என்கிறார். ஹெக்ஸ் இருக்கும்போது அது எதற்கு? வரையறுப்பது என்றால் எங்கிருந்து தொடங்குவது?"

உங்கள் கைடு சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆப்ஜெக்ட் ஃபைல் உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். ஆனால் ஃபார்மட்டைப் புதிதாக நீங்கள் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருக்கும் வேலை அதைவிடச் சின்னது, ஆனால் அதைவிட நுணுக்கமானது.

முதலில் ஹெக்ஸ் ஃபைலை ஒரு வரி பார்த்துவிடலாம். திரையில் தெரிகிறதா?

:02010000523477

முன்னால் ஒரு முக்காற்புள்ளி. அடுத்த 02, இந்த வரியில் இரண்டு பைட் டேட்டா இருக்கிறது என்கிறது. 0100, அதை வைக்க வேண்டிய அட்ரஸ். அடுத்த 00, இது சாதாரண டேட்டா வரி என்பதற்கான அடையாளம். 52, 34 இரண்டும் டேட்டா. கடைசி 77 செக்சம், அதாவது சரிபார்க்கும் எண். எல்லா பைட்டையும் ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில், கூட்டுங்கள்: 02, 01, 00, 00, 52, 34, மொத்தம் 89 வரும். அதனுடன் 77 சேர்த்தால் சரியாக 100. கீழ் பைட் பூஜ்யம் ஆகிவிட்டதால் வரி பழுதில்லாமல் வந்திருக்கிறது என்று பொருள். 1970களில் காகித நாடாவில் துளையிட்டு புரோகிராமை ஏற்றிய நாட்களில் இன்டெல் கொண்டுவந்தது இது. நாடா கிழியும், துளை அடைபடும், அதனால்தான் வரிக்கு வரி செக்சம். ஐம்பது வருடம் ஆகியும் இன்றைக்கும் ஓடுகிறது, அவ்வளவு எளிமை.

ஆனால் அந்த வரியில் என்ன இல்லை என்று பாருங்கள். "இந்த பைட்டை இந்த அட்ரஸில் வை", அவ்வளவுதான். எந்த ஃபங்ஷன், எந்த வேரியபிள், அந்த அட்ரஸ் எப்படி வந்தது, ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு எழுதுகிற ஃபைல் அது. உங்கள் புரோகிராம் ஒரே ஃபைலாக இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. நாளைக்கு சீரியல் போர்ட்டுக்குத் தனி ஃபைல், மெயினுக்குத் தனி ஃபைல் என்று பிரிப்பீர்கள். மெயின் ஃபைலை அசெம்பிள் செய்யும்போது "சென்ட்" என்ற ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்பு (கால்) வருகிறது. சென்ட் இருப்பது இன்னொரு ஃபைலில். அதன் அட்ரஸ் அசெம்பிளருக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

பள்ளிக்கூடத்தில் "கோடிட்ட இடங்களை நிரப்புக" எழுதியிருப்பீர்கள் அல்லவா, ஆப்ஜெக்ட் ஃபைல் அந்தக் கேள்வித்தாள்தான். அசெம்பிளர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டுத் தெரியாத இடத்தில் கோடு போட்டு வைக்கும். கூடவே ஒரு பட்டியலும் தரும்: இத்தனையாவது பைட்டில் ஒரு கோடு இருக்கிறது, அதில் வர வேண்டிய பெயர் சென்ட், இந்த முறைப்படி நிரப்பு. அந்தப் பட்டியலுக்குத்தான் ரீலொகேஷன் என்று பெயர். எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்பது சிம்பல் டேபிள். புரோகிராம் தனி, டேட்டா தனி என்று பிரித்து வைப்பது செக்‌ஷன். எல்லா ஃபைலையும் வாங்கி, அட்ரஸ் ஒதுக்கி, கோடுகளை நிரப்புவது லிங்கர். ஹெக்ஸ் அதற்கும் பிறகுதான் வரும்.

இதில் செக்‌ஷன், சிம்பல் எல்லாம் எந்த பிராசசருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "இந்த முறைப்படி நிரப்பு" என்ற இடத்தில்தான் உங்கள் பிராசசரின் ஜாதகமே இருக்கிறது. ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசசர் வகையை எடுத்துக்கொள்வோம். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்கூட இந்த வகைதான். இதன் வழக்கமான இன்ஸ்ட்ரக்‌ஷனின் மொத்த நீளமே 32 பிட். அதற்குள் 32 பிட் அட்ரஸ் முழுதாக எப்படி அடங்கும்? அதனால் இரண்டு தவணையாகக் கொடுக்கிறார்கள். "லூயி" என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் மேல் 20 பிட்டை ஏற்றும், அடுத்து "ஆட்ஐ" கீழ் 12 பிட்டைக் கூட்டும். ஒரு வேரியபிள் ஹெக்ஸ் கணக்கில் 20001900 இல் இருக்கிறது என்று வையுங்கள். மேல் பகுதி 20001, கீழ்ப் பகுதி 900. வெட்டி ஒட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். அங்கேதான் சறுக்கும். ஆட்ஐ அந்த 12 பிட்டைக் குறியுள்ள எண்ணாகப் படிக்கும். ஹெக்ஸில் 800ஐத் தொட்டுவிட்டாலே அது மைனஸ் கணக்கு. அதன் கண்ணுக்கு 900 என்பது மைனஸ் 700. ஆகவே மேல் பகுதியில் ஒன்றைக் கூட்டி 20002 என்று நிரப்ப வேண்டும். 20002000 இல் 700 கழியுங்கள், 20001900 வந்துவிடும்.

அந்த ஒன்றைக் கூட்டுவது யார் பொறுப்பு? அசெம்பிளர் கூட்ட முடியாது, அதற்கு அட்ரஸே தெரியாதே. லிங்கர்தான் கூட்ட வேண்டும். அதற்கு "இந்தக் கோடு மேல் 20 வகை, அந்தக் கோடு கீழ் 12 வகை" என்று ஃபைலில் குறித்திருக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் ஆவணத்தில் இந்த இரண்டுக்கும் 26, 27 என்று எண் கொடுத்து, சூத்திரத்தையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கைடு எதிர்பார்க்கிற "வரையறுப்பு" இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் இன்ஸ்ட்ரக்‌ஷன் பட்டியலை விரித்து வைத்து, எந்தெந்த இன்ஸ்ட்ரக்‌ஷனில் அட்ரஸ் வரலாம், எத்தனை பிட், நேரடி அட்ரஸா, இப்போதைய இடத்திலிருந்து தூரமா, இடது பக்கம் தள்ள வேண்டுமா, குறி உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சின்ன பிராசசர் என்றால் பத்து வகைக்குள் அடங்கிவிடும்.

அட்ரஸ் இடத்துக்குள் கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அந்தச் சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். லிங்கர் சத்தம் போட்டு நிற்க வேண்டும். மேல் பிட்டைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு ஃபைலைக் கொடுத்தால், போர்டு எங்கோ தாவிப் போய் நிற்கும், நீங்கள் ஒரு வாரம் ஹார்ட்வேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

சரி, மற்ற பகுதிகளுக்கு ஃபார்மட்? எல்ஃப் என்று ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல் ஃபார்மட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டோடு வந்தது, பெரிய கம்ப்யூட்டர்களுக்காகச் செய்தது. அதற்கு முன்னால் எம்பெடட் உலகத்தில், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சின்ன சிப்புகளின் உலகத்தில், ஆளுக்கொரு ஃபார்மட். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டிஎஸ்பி (சிக்னல்களைக் கையாளும்) சிப்புகளுக்கு காஃப் என்ற ஃபார்மட்டைத் தன் போக்கில் மாற்றி வைத்திருந்தது, பிறகு அதுவும் எல்ஃப் பக்கம் வந்தது. நடுவில் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 695 என்ற எண்ணில், எல்லா மைக்ரோபிராசசருக்கும் பொதுவான ஆப்ஜெக்ட் ஃபார்மட் ஒன்றைத் தரநிலையாகவே வெளியிட்டது. கோடுகளை நிரப்பும் சூத்திரத்தையே ஃபைலுக்குள் எழுதிவிடலாம் என்பது அதன் யோசனை. கேட்க அழகு. ஆனால் இன்று நீங்கள் இறக்கிக்கொள்கிற கருவிகள் பேசுவது எல்ஃப். எனக்கு அது போதுமான காரணம்.

எல்ஃபில் பிராசசருக்கென்று ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான். ஃபைலின் முதல் 16 பைட் அடையாளம். அதில் ஒரு பைட், உள்ளே இருக்கும் எண்கள் லிட்டில் எண்டியனா (கீழ் பைட் முன்னால்) பிக் எண்டியனா (மேல் பைட் முன்னால்) என்று சொல்லும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 18ஆவது பைட்டில் இரண்டு பைட் அகலத்துக்கு மெஷின் எண்: ஆர்ம் என்றால் 40, ஏவிஆர் 83, ரிஸ்க்-ஃபைவ் 243. கல்லூரி புராஜெக்ட்தானே, யாருக்கும் ஒதுக்காத பெரிய எண் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு வெளியே விடுவதாக இருந்தால் முறைப்படி எண் வாங்க வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. சி மொழியின் ஸ்ட்ரக்சரை (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) அப்படியே ஃபைலில் எழுதிவிடுவார்கள். லேப்டாப் லிட்டில் எண்டியன், உங்கள் பிராசசர் பிக் எண்டியன் என்றால் எல்லாம் தலைகீழாகிவிடும். கம்பைலர் நடுவில் செருகுகிற காலி பைட்டுகள் வேறு. பைட் பைட்டாக எழுதுகிற மாதிரி நாலு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, ஃபைலில் எழுதுவதையெல்லாம் அதன் வழியாகவே அனுப்புங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேறொரு பிராசசருக்கு ஃபைல் செய்கிறோம் என்பது தினமும் மறந்துபோகிற விஷயம்.

ரீலொகேஷனை எல்ஃபில் இரண்டு விதமாக வைக்கலாம், ரெல், ரெலா என்று. "டேபிள் கூட்டல் 4000" என்று எழுதினால் அந்த 4000 எங்கே போய் உட்காரும்? ரெல் என்றால் இன்ஸ்ட்ரக்‌ஷனின் காலி இடத்துக்குள்ளேயே. ரெலா என்றால் பட்டியலில் தனியாக. எட்டு பிட் இடத்துக்குள் 4000 எப்படிப் போகும்? பழைய ஆர்ம் ரெல் வைத்திருக்கிறது, ரிஸ்க்-ஃபைவ் ரெலா. நீங்கள் யோசிக்காமல் ரெலா வையுங்கள்.

உங்கள் பிராசசரில் புரோகிராம் மெமரி தனி, டேட்டா மெமரி தனியா? கேள்வியில் அது இல்லை. தனி என்றால் ஒரு சிக்கல். எல்ஃபுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நீளமான மெமரி. உங்களுக்கோ பூஜ்யமாவது அட்ரஸ் இரண்டு. ஆர்டுவினோ ஊனோ ஆர்3 போர்டில் இருக்கும் ஏவிஆர் சிப்புக்கும் இதே கதைதான். அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: ரேம் அட்ரஸோடு ஹெக்ஸில் 800000ஐக் கூட்டி ஃபைலில் எழுதுகிறார்கள். அந்தச் சிப்பில் ரேம் தொடங்குவது 100 இல், ஃபைலில் அது 800100 என்று தெரியும். கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் மெமரிக்கு 810000. கொஞ்சம் ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனால் வேலை செய்கிறது. நீங்களும் தாராளமாகச் செய்யலாம். அப்புறம், உங்கள் அட்ரஸ் ஒவ்வொன்றும் 16 பிட்டைக் குறிக்கிறதா, 8 பிட்டையா என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். டெக்ஸஸின் சி2000 சிப்புகளில் ஒரு கேரக்டரே 16 பிட். அங்கே "நூறாவது பைட்" என்று சொன்னால் எந்த நூறு என்று சண்டை வரும்.

இன்னும் ஒன்று, நானே பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஸ்டிஎம்32எஃப்103 போர்டு ஒன்று. டிபக்கர் (பிழை தேடும் கருவி) வழியாக ஏற்றினால் புரோகிராம் அழகாக ஓடும். யூஎஸ்பியைப் பிடுங்கி மறுபடி செருகினால் வேரியபிள்களில் குப்பை. இரண்டு நாள் பவர் சப்ளையைத் திட்டினேன். கடைசியில், எதற்கும் பார்ப்போமே என்று ஹெக்ஸுக்குப் பதிலாக வெறும் பைனரி எடுத்தேன். ஃபைல் 384 எம்பி! சிப்பில் ஃபிளாஷே 64 கேபிதான்.

நடந்தது இதுதான். ஆரம்ப மதிப்பு கொடுத்த வேரியபிள்களுக்கு இரண்டு அட்ரஸ் உண்டு. ஓடும்போது ரேமில், அதாவது ஹெக்ஸில் 20000000 இல். கரண்ட் இல்லாதபோது அந்த மதிப்புகள் ஃபிளாஷில், 08000000க்குப் பக்கத்தில், தூங்க வேண்டும். எல்ஃப் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். என் லிங்கர் ஸ்கிரிப்டில் (எதை எங்கே வைப்பது என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்) ஃபிளாஷ் அட்ரஸைச் சொல்ல விட்டுவிட்டேன். அதனால் இரண்டும் ரேமாகிவிட்டது. டிபக்கர் ரேமிலேயே நேராக எழுதிவிட்டதால் ஓடியது, கரண்ட் போனதும் மதிப்பும் போனது. பைனரி ஃபைலில் அட்ரஸ் என்பதே கிடையாது, அதனால் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கும் 384 எம்பியையும் நிரப்பித் தந்துவிட்டது. நீங்கள் சொந்தமாக ஃபார்மட் செய்திருந்தால் செக்‌ஷனுக்கு ஓர் அட்ரஸ்தான் வைத்திருப்பீர்கள், சத்தியமாக. இரண்டாவது அட்ரஸ் வேண்டும் என்று அடிபட்ட பிறகுதான் தெரியும். எல்ஃபில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கால் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கான ஒரே ஒரு ரீலொகேஷன் வகையை மட்டும் முதலில் செய்யுங்கள். மெயின் ஒரு ஃபைல், சென்ட் ஒரு ஃபைல். மெயினை முன்னால் கொடுத்து லிங்க் செய்து போர்டில் போட்டுப் பாருங்கள். பிறகு சென்டை முன்னால் கொடுத்து லிங்க் செய்யுங்கள். இரண்டு ஹெக்ஸ் ஃபைலும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் ஓட வேண்டும். ஒன்று மட்டும் ஓடினால் கோட்டில் எங்கோ தப்பான விடை எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு சூத்திரத்தை மட்டும் கையால் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இது முடிந்ததும் எழுதுங்கள், மற்ற வகைகளை இன்னொரு நாள் சேர்ந்து பார்க்கலாம்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.