முதுகுக்குச் சட்டம் தெரியாது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைத் தமிழ்ச் சபையோரே, வணக்கம். "தொழிலாளர் பிரச்சினையைச் சரிவரக் கற்றுத்தருவது பல்கலைக்கழகமா, வேலைத்தளமா?" என்பது கேள்வி. பல்கலைக்கழகமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு போடு போட்டார். "துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கு அவன் முதுகு சொல்லித்தராததை எந்த விரிவுரையாளர் சொல்லித்தரப் போகிறார்?" நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். நல்ல வசனம். ஆனால் ஐயா, முதுகு வலியைத்தான் சொல்லும். வேலையில் விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்பதற்கு இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது என்று எந்த முதுகும் எவருக்கும் சொன்னதில்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கற்பனை ஹோட்டல்தான். சமையலறையில் ஒரு தம்பி வேலை செய்கிறான். சம்பளம் குறைவு, ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு. "சோறும் போட்டுச் சம்பளமும் தருகிறார்" என்று தாய் முதலாளியை வாழ்த்துகிறாள். ஓய்வுகாலச் சேமிப்புக்கான ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், வேறு கதை சொல்கிறது. முதலாளி கொடுக்கும் உணவின் பணப்பெறுமதியும், சமைத்ததாயினும் சமைக்காததாயினும், சம்பாத்தியக் கணக்கில் சேரும். சாப்பாட்டை மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். அதற்கும் முதலாளி இந்த நிதிக்கு 12 சதவீதம் கட்ட வேண்டும்: 1,440 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 சதவீதம்: 360 ரூபாய். மாதம் 1,800, வருடம் 21,600. பத்து வருடம் அடுப்படியில் நின்றவன் சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் வட்டி சேர்க்காமலே இரண்டு இலட்சத்துக்கு மேல் விட்டுவிட்டு வீடு போகிறான். அவன் பங்கு 8 சதவீதத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. பெறுமதியை முதலாளிதான் மதிப்பிடுவார். பிழை என்றால் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம். இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தால் இது மேலே வருமா?

வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது ஏழாவது மாதத்தில்தான் தெரிய வருகிறது. அனுபவம் கற்றுத்தரும் இலட்சணம் இது.

அந்த அனுபவம் சிலருக்கு இரண்டாவது வாய்ப்பையும் தருவதில்லை. நமது மூதூரிலிருந்து றிசானா நஃபீக் என்ற பிள்ளை, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி, 2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டாள். தன் பராமரிப்பில் இருந்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரியில் அங்கே அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வேலைத்தளம் அவளுக்கு என்ன கற்பித்தது என்று எதிரணி சொல்லட்டும். வயதை மாற்றியது யார், முகவருக்கும் அரசுக்கும் இடையில் பொறுப்பு எங்கே நழுவியது என்று கோப்பெடுத்துக் கேட்பதற்குப் படித்த ஆட்கள் வேண்டும். அதிலும் மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளே அதைப் படிக்க வேண்டும்.

"படித்தவன் முதலாளி பக்கம் சாய்ந்துவிடுவான்" என்றார் இரண்டாவதாகப் பேசிய தங்கை. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். மனிதவள முகாமைத்துவம் என்று நம் பிள்ளைகள் படிப்பதில் பெரும்பகுதி முதலாளியின் நாற்காலியில் இருந்து ஆட்களைப் பார்ப்பதுதான். லீவை எப்படிக் குறைப்பது என்று ஒரு பாடம் இருக்கும். ஏழு பேர் கையெழுத்திட்டால் தொழிற்சங்கம் பதியலாம் என்பது அடிக்குறிப்பில் கிடக்கும். ஆகவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் வணிகக் கற்கைகளுக்குப் பக்கத்தில் தொழிலாளர் கற்கைக்கும் ஓர் இருக்கை போடுங்கள் என்கிறேன். தங்கை சொன்ன குறை பாடத்திட்டத்தின் குறை. அதற்காகக் கதவையே சாத்துவது என்ன நியாயம்? கொழும்புப் பல்கலைக்கழகம் தொழிலாளர் கல்விக்கென்றே தனி நிறுவனம் வைத்து நடத்தியிருக்கிறது. கிழக்குக்கு மட்டும் ஏன் கூடாது? வார இறுதியில் வகுப்பு வைத்தால் ஹோட்டல் தம்பியும் வந்து உட்காருவான்.

படித்தால்தான் எழும்பும் கேள்விகளும் இருக்கின்றன. நம் கரையில் கரைவலை இழுப்பவருக்கு மாதச் சம்பளம் இல்லை, பங்கு. மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. வலை, தொழிலை நடத்தும் சம்மாட்டியுடையது. அப்படியானால் இழுப்பவர் ஊழியரா, பங்காளியா? ஊழியர் என்றால் சேமலாப நிதி எங்கே? பங்காளி என்றால் வலையில் அவருக்கு உரித்து எங்கே? தலைமுறை தலைமுறையாக இழுத்தவர்களின் கையில் காய்ப்பு இருக்கிறது, இந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஒரு மாணவி ஒரு பருவம் முழுக்கக் கரையில் இருந்து பங்குக் கணக்கை எழுதி ஆய்வேடாகக் கொடுத்தால், அதைக் கொண்டுபோய்த் தொழில் திணைக்களத்தின் மேசையில் வைக்கலாம்.

மணி அடித்துவிட்டது; நடுவர் ஐயா கையைக் காட்டுகிறார். அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணர் அனுபவசாலி, இருபது வருடம் வேலை பார்த்தவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தம் சம்பளச் சிட்டையில் அந்த 12 சதவீதம் எந்தெந்தத் தொகையின் மீது போடப்பட்டிருக்கிறது என்று சபைக்குச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.