ஒக்டோபர் முப்பது

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நெடுங்காலத்துக்குப் பிறகு ஊர் திரும்பும் எழுத்தாளர்களிடம் நல்லூர்த் தேரைப் பற்றியும், 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்தைப் பற்றியும் கேட்பது வழக்கம். அவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வண்ணார்பண்ணையில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடச் சட்டை தைப்பதென்றாலும் சரி, வீட்டு வேலைக்கு ஆணி, கம்பி வாங்குவதென்றாலும் சரி, முஸ்லிம்களின் கடைக்குத்தான் போவோம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, அந்த மக்களை ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரவழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். போகிறவர்களிடம் காசையும் நகையையும் பறித்தார்கள். சிறுமிகளின் காதுத் தோட்டைக்கூட விடவில்லை. ஒரு பகலில் ஒரு சமூகமே இல்லாமல் போனது.

இந்த முறை ஐந்து சந்திக்குப் பின்னால் நடந்தபோது, கூரையும் நிலையும் கதவும் போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளை இன்னும் கண்டேன். உள்ளே ஆளுயரத்துக்குப் பற்றை. திரும்பி வந்து குடியேறிய தையல்காரர் ஒருவர் தன் பழைய முன்னறையைக் காட்டினார். சிவப்புச் சீமெந்துத் தரையில், சன்னலை ஒட்டி, தையல் மெஷினின் கால்கள் அழுத்திய நான்கு பள்ளங்கள் அப்படியே இருந்தன. இப்போதைய மெஷினையும் அதே இடத்தில்தான் வைத்திருக்கிறார்.

“பிள்ளைகள் வரவில்லையா, நானா?” என்று கேட்டேன்.

“அவர்களுக்குப் புத்தளத்தில் தொழில் இருக்கிறது, தம்பி. பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். பெருநாளுக்கு வருவார்கள், இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களும் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நாங்கள் தென்மராட்சிக்கு நகர்ந்தோம். அந்த இரவைக் கதையாகவும் கவிதையாகவும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே திகதியில் நம் அயலவர்கள் விரட்டப்பட்டதை நம்மில் மிகச் சிலரே எழுதினோம். அவர்களைத் துரத்தியது நம் பெயரால் நடந்தது. அதனால் அதைச் சொல்லும் கடமையும் நமக்கே அதிகம்.

இளம் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்று கடை நடத்தியவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் இன்று முதியவர்கள். சோனகதெருவுக்குப் போங்கள், முடிந்தால், விரட்டப்பட்டவர்களில் பலர் போய்த் தங்கிய புத்தளத்துக்கும் போங்கள். எந்தக் கடை எந்த ஒழுங்கையில் இருந்தது, யார் வீட்டுச் சாவியை எந்தத் தமிழ்க் குடும்பம் வாங்கி வைத்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஒக்டோபர் 30 இல் 1995 ஐ நினைவுகூரும் மேடைகளில் 1990 ஐயும் சேர்த்துப் பேசுங்கள். பேச அவர்களையே அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.