வளைவில் மட்டும் வரும் 'டக் டக்'

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். சேந்தமங்கலம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொல்லிமலைக்குப் போகிற, அங்கிருந்து இறங்கி வருகிற கார்கள் நிறைய எங்களிடம் வரும். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் மேலே 70 கொண்டை ஊசி வளைவு, ஸ்டியரிங்கை ஒடித்து நிமிர்த்தி மறுபடி ஒடிக்கிற வேலைதான் வழி முழுக்க. நேர் ரோட்டில் மாதக்கணக்காகச் சத்தமே காட்டாத கார்கூட மூன்றாவது நான்காவது வளைவில் 'டக் டக் டக்' என்று ஆரம்பித்துவிடும். ஏதோ கல் மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே குடும்பத்தோடு மேலே ஏறிவிடுகிறார்கள், எனக்குப் பதறுவது அதனால்தான்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அம்பாசடரில் இன்ஜினின் இழுவை பின் சக்கரத்துக்குப் போகும், முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஒவ்வொன்றாக முன்சக்கர இழுவைக்கு மாறின. அதில் முன் சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். கியர்பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குப் போகிற ஆக்சில் அதனால் வளைந்த நிலையிலும் ஒரே சீராகச் சுற்றியாக வேண்டும். கிராஸ் என்கிற சாதாரண சிலுவை வடிவ இணைப்பை வைத்தால் கோணம் கூடக் கூடச் சக்கரம் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறைந்து உதறும். அதற்காகத்தான் சிவி ஜாயிண்ட். ஒரு இரும்புக் கிண்ணம், உள்ளே பள்ளம் வெட்டிய ஒரு உருண்டை, இரண்டுக்கும் நடுவில் கூண்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அதன்மேல் மடிப்பு மடிப்பாக 'பூட்' என்கிற ரப்பர் உறை, அதற்குள் கறுப்பு கிரீஸ், இவ்வளவுதான் அதன் அமைப்பு.

பெரும்பாலும் கோளாறு தொடங்குவது அந்தப் பூட்டில். மடிப்பின் பள்ளத்தில் வெடிப்பு விடும். நேராகப் பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை ஒடித்து மடிப்பை விரித்தால்தான் வாய் பிளப்பது தெரியும். ஆக்சில் சுற்றச் சுற்ற அந்த வெடிப்பு வழியாக கிரீஸ் வெளியே வீசியடிக்கும், மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். குண்டு உருள்கிற பள்ளத்தில் மண் நுழைந்தால் அம்மிக் கல்லில் அரைத்த மாதிரிதான். பள்ளம் தேய்ந்து, குண்டுக்கு ஆட்டம் கொடுத்து, வளைவில் சுமை ஏறும்போது ஒவ்வொரு குண்டும் தேய்ந்த இடத்தைத் தாண்டுகையில் ஒரு தட்டு தட்டும். நீங்கள் கேட்கிற 'டக்' அதுதான்.

சரி, நம் வண்டியில் அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மைதானத்துக்குப் போங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, முதல் கியரில் ஸ்டியரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், நடுவில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். சக்கரம் சுற்றுகிற வேகத்தோடு சத்தமும் கூடி, காலை எடுத்ததும் அடங்கினால் அனேகமாக சக்கரத்தை ஒட்டிய வெளிப்பக்கத்து சிவி ஜாயிண்ட்தான். அப்புறம் மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வட்டத்தின் வெளி ஓரத்தில் ஓடுகிற சக்கரத்தில்தான் சத்தம் கேட்கும், அதாவது இடது பக்கம் திரும்பும்போது வந்தால் முதலில் வலது பக்கத்தைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ஜாயிண்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். கீழே குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிம்மின் உள்சுவரிலும் பக்கத்து இரும்புகளிலும் கறுப்பாகப் பிசுபிசுவென்று கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்த பக்கம் அதுதான்.

வண்டி நகராமல் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே சத்தம் வருகிறது என்றால் சிவி ஜாயிண்டை மறந்துவிடலாம், ஏனென்றால் அப்போது ஆக்சில் சுற்றவே இல்லை. ஷாக் அப்சார்பருக்கு மேலே உள்ள மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பேரிங் இறுகிப்போனால் ஸ்பிரிங் சேர்ந்து திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, திடீரென்று விடுபட்டு 'டொங்' என்று அடிக்கும். பானட்டைத் திறந்து மவுண்ட்மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் அந்த உதை விரலிலேயே தெரியும். பள்ளம் மேட்டில் மட்டும் தட்டினால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு, பால் ஜாயிண்ட் இவற்றைப் பாருங்கள். நேராகப் போனாலும் அதே டக் டக் என்றால் டயர் பள்ளத்தில் நிஜமாகவே கல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் வீல் நட்டுகளை முதலில் சரிபாருங்கள், லூசான நட்டும் இதே மாதிரி தட்டும், அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

போன வருஷம் ஒரு அண்ணன் வந்தார், முன்சக்கர இழுவை வண்டி. வேறொரு இடத்தில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள், சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. வட்டம் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம், குனிந்து பார்க்க ஒரு நிமிடம், வலது பூட் கிழிந்து கிண்ணத்துக்குள் கிரீஸுக்குப் பதில் செம்மண் குழம்பு. ஓட்டிப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கிற பழக்கம் எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிற விஷயம். அந்த ஆளின் இரண்டு மாதச் சேமிப்பு தேவையில்லாமல் போனது.

பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். ஜாயிண்டைக் கழற்றிக் கழுவி, தேய்மானம் இல்லை என்று பார்த்துவிட்டு, சிவி கிரீஸ் வைத்து, புதுப் பூட்டும் கிளிப்பும் போட்டால் முடிந்தது. சாதாரண கிரீஸை அப்ப விடாதீர்கள். சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் வைத்தால் நிற்குமா என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் அமுங்கும், தேய்ந்த இரும்பு வளராது. ஜாயிண்ட்டைத்தான் மாற்ற வேண்டும்.

அப்படியே ஓட்டினால் ஒருநாள் ஜாயிண்ட் உடைந்துவிடும். பிரேக் போகாது, ஆனால் இழுவை போய்விடும். இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஏற்றத்து வளைவில் அப்படி நின்றால், கியரில் போட்டிருக்கிறோமே என்று பிரேக்கில் இருந்து காலை எடுக்காதீர்கள், ஒரு பக்கம் ஆக்சில் உடைந்தபின் கியர் வண்டியைப் பிடிக்காது. ஆட்டோமேட்டிக்கில் 'பி'-யில் போட்டாலும் அதே கதைதான். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பொலேரோ, பழைய இன்னோவா மாதிரிப் பின்சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களே, உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் இந்த ஜாயிண்டே இல்லை, யாராவது அதை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த வண்டி கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி வந்தால் பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற நீளத் தண்டான புரோபெல்லர் ஷாஃப்டின் கிராஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய ஜாயிண்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய துணியால் கிரீஸைத் துடைத்து, உள் உருண்டையைச் சாய்த்து ஒரு குண்டை வெளியே எடுத்து, அது உருண்ட பள்ளத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நல்ல பள்ளம் கண்ணாடி மாதிரி வழுக்கும். கெட்டதில் எள்ளளவு குழி இருந்தாலும் நகம் அங்கே தட்டி நிற்கும். வணக்கம்.