பனி ஊருக்குப் போகும் ஆண்களின் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் சென்னையில் விமானம் ஏறி, ஜெர்மனி பக்கம் வேலையாகவோ, அங்கே படிக்கும் பிள்ளையைப் பார்க்கவோ போகிற ஆண்களுக்காக இன்று பேசுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் பலரும் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டு, குளிருக்கு இது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். உள்ளே போடுவது வழக்கமான பருத்தி பனியன். சிக்கல் அந்தப் பனியனில்தான்.

பருத்தி வேர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது நல்லது. ஈரம் காயக் காய உடம்பு குளிரும். மியூனிக்கில் ஜனவரி மாதம் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் இருக்கும்போது அதே ஈரம் பகையாகிவிடும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ரயிலைப் பிடிக்க ஓடி லேசாக வேர்த்துவிட்டு, பிளாட்பாரத்தில் 10 நிமிடம் நின்றால் போதும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டாக இருந்தாலும் உள்ளே முதுகு சில்லிட்டுப்போகும்.

ஆகவே தோலை ஒட்டிப் போட வேண்டியது மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ செய்த தெர்மல் என்னும் குளிர்கால உள்ளாடை, மேலுக்கும் காலுக்குமாக. அது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. அதன்மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற பாலியெஸ்டர் மேலாடை, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் ஜாக்கெட். இந்த அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஃப்ளீஸ் முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருக்கட்டும். கடை, அலுவலகம், ரயில் எல்லாவற்றுக்குள்ளும் ஹீட்டர் ஓடும். சுமார் 20 டிகிரி இருக்கும். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஸ்வெட்டரைப் பலர் சோம்பல்பட்டுக் கழற்றுவதில்லை. உள்ளே வேர்த்து, வெளியே வந்து நடுங்குவார்கள்.

10 நாள் பயணத்துக்குத் தெர்மல் 2 ஜோடி, ஃப்ளீஸ் 1, ஜாக்கெட் 1, சட்டை 4, பேன்ட் 2, கம்பளி சாக்ஸ் 4 ஜோடி, உள்ளாடை 6 இருந்தால் தாராளம். மெரினோவை இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாறாது. துவைத்தால் முறுக்கிப் பிழியக் கூடாது; துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும். ஜீன்ஸ் வேண்டாம் என்பேன். அதுவும் பருத்திதான், பனியில் நனைந்தால் லேசில் காயாது.

ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தோல் அடிப்பாகம் உள்ள ஆபீஸ் ஷூ, உறைந்த நடைபாதையில் வழுக்கிவிடும். ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும். கம்பளி சாக்ஸோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். 8-ஆம் நம்பர் போடுகிறவருக்கு எட்டரை தேவைப்படலாம். விரல்கள் நெருங்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும். புது ஷூவை ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். அங்கே பல வீடுகளில் வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், அதனால் சாக்ஸில் ஓட்டை இருக்கக் கூடாது.

விமானத்தில் எதைப் போடுவது? கனமான ஷூவைக் காலிலும் ஜாக்கெட்டைக் கையிலும் வைத்துக்கொண்டால் பெட்டியில் எடை மிச்சம். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் இடத்தைத்தான் மிச்சப்படுத்தும். எடை அப்படியே இருக்கும். தெர்மலை மட்டும் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். மீனம்பாக்கம் வந்து சேர்வதற்குள் நனைந்துவிடும். கைப்பையில் வைத்து, துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-ஹவருக்குள். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதற்கான அளவு அது. 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-ஹவர், கவலையில்லை. பிளேடைப் பெரிய பெட்டியில் போடுங்கள். மெல்லிய இரண்டு பின் உள்ள நம் ஊர் சார்ஜர் ஜெர்மனியில் அப்படியே பொருந்தும். மின்சாரமும் அதே 230 வோல்ட்தான். மூன்று பின் என்றால் அடாப்டர் வேண்டும்.

ஹீட்டர் காற்றில் உதடும் கையும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால், குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் சொட்டுகூட வராது. விரலை விட்டு எடுக்கும்படி அகல வாய் டப்பாவில் எடுத்துப்போங்கள். பிள்ளைக்கென்று பால்கோவாவும் நெய்யும் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி பாலில் செய்ததையும் இறைச்சியையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் விழலாம்.

தினமும் சாப்பிடும் மருந்துகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். குல்லா, கையுறை, ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், ஒரு செட் உள்ளாடை இவற்றுக்கும் அதே பையில்தான் இடம். விமானம் மாறும் பயணங்களில் பெட்டி ஒரு நாள் தள்ளி வருவது உண்டு. அப்படி ஆனால் பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே விடுவது கஷ்டம்.