தார் பாலைவனத்தில் எங்கே தங்குவது? பார்க்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறு

வணக்கம் மக்களே. பின்னால் மஞ்சளாகத் தெரிகிறதே, அதுதான் ஜெய்சல்மேர் கோட்டை. நான் உட்கார்ந்திருப்பது கோட்டைக்கு வெளியே, அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸின் மொட்டை மாடி. காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோத்பூரில் கார் வாடகைக்கு எடுத்துக் கிளம்பிய வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்டது ரூட்டைப் பற்றி இல்லை, கார் வாடகையைப் பற்றியும் இல்லை. "எங்கே தங்குகிறீர்கள், அந்த இடத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்?" என்பதுதான். அதனால் இன்று சுற்றிக் காட்டுவதெல்லாம் கிடையாது, வெறும் பேச்சு.

என் கணக்கு சுலபமானது. பார்க்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறு. தார் பக்கம் முதல்முறை வருகிறவர்கள் எந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறதோ அங்கேயே அறை போடப் பார்ப்பார்கள். கோட்டை பிரபலம், அதனால் கோட்டைக்குள் அறை. சம் மணல்மேடு பிரபலம், அதனால் சம்மில் டென்ட். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கோட்டை. ராவல் ஜெய்சல் என்ற மன்னர் 1156-இல் கட்டத் தொடங்கியது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, கடை நடத்துகின்றன, கோயிலுக்குப் போகின்றன. 2013-இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலுக்கும் போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இரவு தூங்க ஆசை வராதா, வரும். ஆனால் அந்தக் கோட்டை நிற்கிற குன்று உறுதியான ஒற்றைப் பாறை இல்லை. மணற்கல்லும் களிமண்ணும் கலந்த இளகின குன்று. பழைய காலத்தில் அங்கிருந்தவர்கள் கீழே கடிசர் ஏரியிலிருந்து தலையில் சுமந்து வந்த தண்ணீரில் வாழ்ந்தார்கள். குடம் குடமாகச் சுமக்கும்போது யாரும் தாராளமாகக் கொட்ட மாட்டார்கள். பின்னாளில் குழாய் வந்தது, ஹோட்டல் வந்தது, ஒவ்வொரு அறைக்கும் ஷவரும் ஃப்ளஷ்ஷும் வந்தன. செலவாகும் தண்ணீர் பல மடங்கு ஆனது, சாக்கடை அதைத் தாங்கவில்லை, கசிவெல்லாம் குன்றுக்குள் இறங்கியது. 1990-களின் கடைசியில் கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டையைத் தன் ஆபத்துப் பட்டியலில் வைத்தது. 2024 ஆகஸ்ட் மழையில் கூட மதிலில் ஒரு பகுதி விழுந்தது.

உள்ளே கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அது தாத்தா காலத்து வீடு, வேறு பிழைப்பும் இல்லை. உள்ளே சாப்பிடுங்கள், அவர்கள் கடையில் வாங்குங்கள், சமணர் கோயில்களைப் பாருங்கள். குளியலை மட்டும் கீழே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சுயநலமான காரணமும் ஒன்று உண்டு. காரில் வருகிறவர்களுக்குக் கோட்டைச் சந்துகளில் வண்டி நிறுத்த வழியே இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல் பாவிய ஏற்றத்தில் நடக்க வேண்டும். அதோடு, உள்ளே தங்கினால் கோட்டை தெரியாது. இங்கிருந்து பாருங்கள், எப்படித் தெரிகிறது!

சரி, மணலுக்கு வருவோம். உண்மையான குழப்பம் அங்கேதான்.

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் சுமாரில் சம். விளம்பரப் படங்களில் ஒட்டகமும் சூரியனும் நிழலாகத் தெரியுமே, பெரும்பாலும் இந்த இடம்தான். மணல்மேடு உண்மையிலேயே அழகு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாலையை ஒட்டி வரிசையாக கேம்ப்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் மேடை, சுற்றி ஸ்விஸ் டென்ட் என்று இவர்கள் சொல்கிற, சிமென்ட் தரையும் பாத்ரூமும் உள்ள துணி அறைகள். சாயங்காலம் ஒட்டகச் சவாரி, ஜீப்பில் மணலேற்றம், டீ, பகோடா, காளபேலியா என்ற ராஜஸ்தான் நாட்டுப்புற நடனம், அப்புறம் டிஜே. நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பத்தை ஒரே தெருவில் கட்டி எல்லாவற்றிலும் ஒரே ராத்திரி ரிசப்ஷன் வைத்தது போல இருக்கும். பக்கத்து கேம்ப் பாட்டும் உங்கள் டென்டுக்குள்தான் வரும், துணிதானே சுவர். ஒன்பது மணிக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தால் லேசர் லைட் தெரியும்.

இது பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். கூட்டமாக நண்பர்களோடு வந்தால், சின்னப் பிள்ளைகள் இருந்தால், சம் ஜாலியான இடம். எல்லாம் பேக்கேஜில் அடங்கிவிடும், அலைச்சல் இல்லை. தனியாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: பேக்கேஜ் விலை ஒரு டென்டில் இருவர் என்று கணக்குப் போட்டது. ஒருவர் போனாலும் ஏறக்குறைய முழு டென்டுக்கும் கொடுக்க நேரும். "சிங்கிள் ரேட் என்ன?" என்று போனிலேயே கேளுங்கள். அப்படியே மறக்காமல், பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், மின்சாரம் லைனா ஜெனரேட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் என்றால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு எதிர்ப்பக்கத்து டென்டை வாங்குங்கள்.

இன்னொன்று, புகைப்படத்தை நம்பாதீர்கள். ஒரு டென்டையும் ஒரு மணல்மேட்டையும் ஒரே ஃபிரேமில் காட்டுவது பெரிய வித்தை இல்லை. மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து அந்த கேம்ப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் எத்தனை கேம்ப் ஒட்டியிருக்கிறது, மணல் எங்கே தொடங்குகிறது, நடுவில் சாலை இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். நான் எந்த ரிவ்யூவையும் விட அதைத்தான் நம்புகிறேன். "டெசர்ட் வியூ" என்று பெயர் வைத்த இடம் சில சமயம் சம்முக்கு முன்னாலேயே கனோய் கிராமத்துப் பக்கத்தில் புதர்க்காட்டில் இருக்கும். புதரும் பாலைவனம்தான், ஆனால் நீங்கள் அதற்காகப் பணம் கட்டியிருக்க மாட்டீர்கள்.

நான் படுத்தது குரியில். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே, நல்ல சாலை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மணல்மேடு சம் அளவுக்கு விரிவு இல்லை. கேம்ப்கள் இங்கேயும் வந்துவிட்டன என்றாலும், ஊர் இன்னும் ஊராக இருக்கிறது. சாணமும் மண்ணும் பூசிய வட்டக் குடிசைகள், மேலே புல் கூரை. ஒரு குடும்பத்து வீட்டு முற்றத்தை ஒட்டி எனக்கு ஒரு குடிசை கொடுத்தார்கள். ராத்திரி கம்பு ரொட்டி, கேர் சாங்ரி, கடி என்ற மோர்க் குழம்பு. கேர் சாங்ரி என்பது பாலையில் தானாக விளையும் ஒரு காயும் வன்னி மரத்தின் நெற்றும். காய வைத்து வருஷம் பூரா வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. எனக்கு இரண்டாவது வாய்க்குப் பிறகுதான் பிடித்தது.

சாப்பிட்ட பிறகு பக்கத்து வீட்டு மங்கணியார், அதாவது பரம்பரைப் பாடகர் ஒருவர், கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியத்தோடு வந்தார். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கூட வந்த பையன் கையில் கர்த்தால் என்ற மரச் சப்ளாக்கட்டை. என் கேமராவில் பதிவான சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை, அதனால் போடவில்லை. நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், அவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். வீட்டு வாடகையில் அது சேர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

குரியும் சம்மும் பாலைவன தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதிகள். பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் என்ற பெரிய பறவை மிச்சமிருக்கிற கடைசி இடங்களில் ஒன்று இது. காடுகளில் எஞ்சியவை 150-க்கும் குறைவு என்கிறார்கள், சம்மிலேயே இனப்பெருக்க மையம் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நள்ளிரவு டிஜேவை ரசிப்பது கொஞ்சம் கஷ்டம்.

நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலண்டரில் அமாவாசையை ஒட்டி நாள் குறியுங்கள். நிலா வெளிச்சத்தில் மணலில் நடக்க வேண்டும் என்றால் பௌர்ணமி. இதில் ஒரு வேடிக்கை, தீபாவளியை ஒட்டி அமாவாசை வரும், வானம் அற்புதமாக இருட்டும். ஆனால் அந்த வாரம் குஜராத்தே கிளம்பி இங்கே வந்துவிடும், அறை விலை எகிறும். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பாலைவனத் திருவிழாவின்போதும் இதே கதைதான்.

அப்புறம் குளிர். நம் ஊர்க்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள். பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். காற்றில் ஈரம் இல்லை, மேகம் இல்லை, பகலில் சூடான மணல் பொழுது சாய்ந்ததும் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் இரவு 5 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். துணி டென்டில் அதை எப்படித் தாங்குவது? மண் குடிசை இதில் நிஜமாகவே நல்லது, தடித்த சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும். எங்கே தங்கினாலும் ஆளுக்கு எத்தனை ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, கொடுப்பார்கள் என்று கேளுங்கள். வெந்நீர் சோலாரா, கீசரா, அடுப்பில் காய்ச்சி பக்கெட்டில் கொடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். சோலார் என்றால் காலையில் கிடைக்காமல் போகலாம், சாயங்காலமே குளித்துவிடுங்கள். என் ஓட்டு பக்கெட்டுக்கு. தண்ணீர் லாரியில் வருகிற ஊரில் ஷவரைத் திறந்துவிட்டு நிற்க மனசு வரவில்லை.

என் கணக்கு தலைகீழாகிற ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஜோத்பூரிலிருந்து நேராக ஜெய்சல்மேர் வராமல் ஓசியான், பலோடி வழியாக வந்தேன். பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் என்ற கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கொக்குகள் குளிர்காலம் கழிக்க அங்கே வரும். குர்ஜா என்று கூப்பிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் வேலி போட்ட ஒரு திடலில் தினமும் தானியம் போட, விடிந்த கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும். வெயில் ஏறியதும் குளக்கரைகளுக்குப் போய்விடும். ஜோத்பூரில் தூங்கி எழுந்து வந்தால் திடல் காலியாக இருக்கும். இங்கே பார்க்கிற இடத்திலேயே படுக்க வேண்டும், அல்லது 5 கிலோமீட்டர் தள்ளி பலோடியில். பலோடியில் அறைகள் சுமார்தான், பரவாயில்லை, இருட்டிலேயே எழுந்து ஓடப் போகிறோம்.

தனோட் மாதா கோயிலுக்கு, அதாவது 1965 போரில் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்று சொல்லப்படும் அந்த எல்லைக் கோயிலுக்கு, ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர். 1971 போர்க்களமான லோங்கேவாலாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இங்கேயே திரும்பிவிடலாம், அங்கே தங்க அவசியம் இல்லை. வழியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அறை முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எல்லை மாவட்டம் என்பதால் கண்ட இடத்தில் சொந்த டென்ட் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஜெய்சல்மேர் ஊருக்குள் நம்ப முடியாத குறைந்த விலையில் அறை தெரிந்தால் கவனம். போன தடவை ஒரு ஹோட்டலில் எனக்கு நடந்தது: சாவி கொடுத்த கையோடு ஒட்டகச் சஃபாரி ரேட் கார்டு வந்தது. வேண்டாம் என்றேன். ராத்திரி மறுபடி கேட்டார்கள். காலையில் "மேடம், ரூம் வேறு ஆளுக்கு புக் ஆகிவிட்டது" என்றார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. இந்த ஊரில் இது பழைய வழக்கம், எத்தனையோ பயணிகள் சொல்லிவிட்டார்கள். அறைக்கு லாபம் இல்லை, லாபமெல்லாம் சஃபாரியில். அதனால் இப்போதெல்லாம் புக் செய்யும்போதே "சஃபாரி வேண்டாம், அறை மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிய பிறகுதான் பணம் அனுப்புகிறேன்.

தனியாக வரும் பெண்கள் கேட்டிருந்தீர்கள். நான் பார்ப்பது மூன்று நான்கு விஷயம்தான். வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, பாத்ரூம் எவ்வளவு தூரம், கார் என் கண்ணில் படுகிற இடத்தில் நிற்குமா. டென்டுக்கு ஜிப் மட்டும்தான் என்றால் நான் எடுப்பதில்லை. இருட்டுவதற்கு முன்னால் செக் இன் செய்துவிடுவேன். அது பயத்தினால் இல்லை, ராத்திரி சாலையில் மாடும் ஒட்டகமும் படுத்திருக்கும், ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். மண் தரை வீடுகளில் காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

கடைசிக் கேள்வி, பள்ளி லீவு மே மாதம்தானே, அப்போது வரலாமா? மணலுக்காக வராதீர்கள். சம் கேம்ப்களில் பெரும்பாலானவை ஏப்ரலோடு மூடிவிடும், அக்டோபர் பக்கம்தான் திறக்கும். நான் சொன்ன அதே பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. வந்தே தீர வேண்டும் என்றால் டென்டை மறந்துவிடுங்கள், ஜோத்பூர், ஜெய்சல்மேரில் தடித்த கல் சுவர் உள்ள பழைய வீடாகப் பார்த்து, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையைத் தவிர்த்து, தரைத்தள அறையாகக் கேளுங்கள்.

குரி வீட்டின் போன் நம்பரைக் கமெண்டில் போடச் சொல்லாதீர்கள். அவர்களிடம் இருப்பது இரண்டே குடிசை. ஊருக்குள் போய்க் கேட்டால் யாராவது ஒரு வீட்டில் இடம் கிடைக்கும். நாளை விடியற்காலை தனோட் கிளம்புகிறேன், டாங்க் நிரப்பிவிட்டு வர வேண்டும். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், ராத்திரி உட்கார்ந்து பதில் போடுகிறேன்.