முதல் பக்கத்திலிருந்து விழுந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை என்று கைப்பேசியில் தேடியிருப்பீர்கள். முதலில் வருகிற பக்கத்தைத் திறந்தால், இட்லி தென்னிந்தியாவின் பிரபலமான உணவு என்று ஆரம்பிக்கும். கீழே போனால் இட்லியின் நன்மைகள். இன்னும் கீழே போனால் விளம்பரம். மாவு ஏன் புளிக்கவில்லை என்ற விஷயம் மட்டும் எங்கேயும் இருக்காது. எழுதியவர் மாவு அரைத்துப் பார்த்தவரே இல்லை. நீங்கள் எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீர்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களை அடுக்கி வைத்தவர். இதைத்தான் ஸ்பேம் என்கிறார்கள். நாம் குப்பை என்றே சொல்வோம்.

இந்தக் குப்பையைக் கழித்துக்கட்ட, கூகுள் போன்ற தேடுபொறிகள் அவ்வப்போது தங்கள் வரிசைப்படுத்தும் முறையை மாற்றுகின்றன. அப்படி மாற்றும்போது இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் இதை விடாமல் கவனித்து வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பையைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் கீழே தள்ளப்பட்டவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எதற்காக, எதுவரை. இந்த இரண்டையும் இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2003 நவம்பர் நடுவில் கூகுளில் ஒரு மாற்றம் வந்தது. தளம் நடத்துபவர்கள் அதற்கு ஃப்ளோரிடா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில், ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டால் மேலே வந்துவிடலாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. படிக்கிற மனிதருக்குத் தெரியாது, கணினிக்கு மட்டும் தெரியும். இந்த மாதிரி வேலைகளை எல்லாம் ஃப்ளோரிடா ஒரே அடியில் கீழே தள்ளியது. ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். நவம்பர். அங்கே கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். நம் ஊரில் தீபாவளிக்கு முன்பு கடைத்தெரு எப்படி இருக்குமோ அப்படி. சரக்கை வாங்கிக் குவித்துவிட்டு ஆர்டருக்குக் காத்திருந்த சிறு கடைக்காரர்கள், காலையில் எழுந்து தேடினால் தங்கள் கடையைக் காணவில்லை. ஏமாற்று வேலை செய்தவரும் விழுந்தார், எதுவும் செய்யாதவரும் விழுந்தார். யார் எதற்கு விழுந்தார் என்று சொல்ல ஆளில்லை.

ஆளில்லாத இடத்தில் வதந்தி வரும். பக்கத்தின் தலைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். கூகுளில் விளம்பரம் எடுக்கவைப்பதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். அவசரத்தில் நன்றாக இருந்த பக்கங்களையும் வெட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதே கதைதான். முதலில் கோபம், அடுத்து வதந்தி, அப்புறம் கண்டபடி வெட்டு. காரணம் தெரியாதவர் வேறு என்ன செய்வார்?

கோர்ட்டுக்குப் போனவரும் உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சர்ச்கிங் என்று ஒரு நிறுவனம். அந்தக் காலத்தில் பேஜ்ரேங்க் என்று கூகுள் ஒவ்வொரு தளத்துக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண் காட்டியது. அந்த மதிப்பெண் உயர்ந்த தளங்களில் விளம்பர இடம் பிடித்துக் கொடுக்கிற வியாபாரத்தை சர்ச்கிங் நடத்தியது. 2002-இல் அதன் மதிப்பெண்ணே 8-லிருந்து 4-க்கு இறங்கியது. வழக்குப் போட்டார்கள். 2003 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த மதிப்பெண் கூகுளின் கருத்து, கருத்துச் சொல்லும் உரிமைக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு, ஆகவே வழக்கு செல்லாது என்றது நீதிமன்றம். தீர்ப்பின் சட்டப்பக்கம் எனக்குப் புரிகிறது. முதலிடம் யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. ஆனால் அந்த ஒரு கருத்தை நம்பித்தானே அத்தனை பேர் கடை போட்டிருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

சரி, இப்போது நான் எப்போதும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். இணைப்பு, அதாவது லிங்க். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்த வழி எளிமையானது. உங்கள் பக்கத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று இன்னொருவர் தன் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுத்தால் அது உங்களுக்கு விழுந்த ஓட்டு. ஓட்டுப் போட்டவருக்கே நல்ல பெயர் இருந்தால் அந்த ஓட்டுக்கு மதிப்பு கூட. இதை வைத்து வரிசைப்படுத்தினார்கள். ஓட்டு என்று வந்துவிட்டால் காசு கொடுத்து வாங்குகிறவரும் வருவார் இல்லையா? வந்தார்கள்.

எந்த அளவுக்கு என்றால், 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஜே.சி.பென்னி என்பது அமெரிக்காவின் பெரிய பல்பொருள் கடை நிறுவனம். பெண்கள் உடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரை விரிப்பு என்று தேடினாலும் மாதக்கணக்கில் அந்தக் கடைதான் முதலில் வந்தது. எப்படி என்று தோண்டிப் பார்த்தால், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்பு. குறட்டையைப் பற்றிய தளத்தில் உடைக்கடைக்கு இணைப்பு. மீன்பிடிப்பதைப் பற்றிய தளத்தில் உடைக்கடைக்கு இணைப்பு. தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது நிறுவனம். கூகுளில் மனிதர்களே பார்த்துத் தண்டனை கொடுத்து இறக்கினார்கள். முதலிடத்தில் இருந்த சில சொற்களுக்கு அந்தக் கடை சுமார் எழுபதாவது இடத்துக்குப் போனது. சுமார் மூன்று மாதத்தில் திரும்ப மேலே வந்துவிட்டது. கவனியுங்கள், எதற்காக என்று அவர்களுக்குத் தெரியும். எதுவரை என்பதும் மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ-வின் தளத்தை 2006-இல் தேடல் முடிவுகளிலிருந்தே நீக்கினார்கள், அது சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. பெரிய இடம்.

சிறியவர்களுக்கு வந்தது பெங்குவின் என்ற கூகுள் மாற்றம். 2012 ஏப்ரல் 24. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை இது தொட்டது என்று கூகுளே சொன்னது. இதில் மனிதர் யாரும் உட்கார்ந்து தண்டனை கொடுக்கவில்லை. கணினியில் ஒரு கணக்கு தானாக ஓடும், இணைப்புகள் செயற்கையாகத் தெரிந்தால் தளம் இறங்கும். மனிதர் கையால் கொடுத்த தண்டனை என்றால் தளத்துக்காரருக்கு அறிவிப்பு வரும், திருத்திவிட்டு மறுபரிசீலனைக்கு மனுப்போடலாம். கணக்கு கொடுத்த தண்டனைக்கு அறிவிப்பும் கிடையாது, மனுவும் கிடையாது. என் மனக்குறையெல்லாம் இந்த இடத்தில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது இணைய வரலாற்றிலேயே விசித்திரமான காலம். அதுவரை எனக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள் என்று கெஞ்சியவர்கள், காசு கொடுத்தவர்கள் எல்லாரும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். இணைப்பை எடுக்கவும் காசு கேட்ட தளங்கள் இருந்தன. போடவும் காசு, எடுக்கவும் காசு. தளத்துக்காரர்கள் ராத்திரி உட்கார்ந்து, எக்செல் தாளில் ஆயிரக்கணக்கான முகவரிகளை வரிசையாகப் போட்டு, இது நல்லது, இது கெட்டது, இதற்குக் கடிதம் போட்டாச்சு, இதற்குப் பதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். 2012 அக்டோபரில் கூகுள் ஒரு வசதி கொடுத்தது. எடுக்க முடியாத இணைப்புகளைப் பட்டியல் போட்டு, இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று ஒரு கோப்பாக அனுப்பலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி, அவ்வளவுதான். பயத்தில் நல்ல இணைப்புகளையும் அந்தப் பட்டியலில் போட்டு அனுப்பியவர்கள் ஏராளம்.

எனக்கே அப்படி ஒரு கடிதம் வந்தது. பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் அருமையாக எழுதி வந்தார். வால்வு எப்படிச் சூடாகிறது, எந்த மின்தேக்கி முதலில் கெட்டுப்போகும் என்று படம் எடுத்துப் போட்டு விளக்குவார். படித்துவிட்டு, பிடித்துப்போய், என் பக்கத்தில் நானாகவே இணைப்புக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துவிடச் சொல்லித்தான் கடிதம். இது நானே விரும்பிக் கொடுத்தது, இதில் தவறு எதுவும் இல்லையே என்று பதில் போட்டேன். தெரியும், ஆனாலும் பயமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். எடுத்துவிட்டேன். இணைப்பு என்பது ஒரு வாசகன் இன்னொருவருக்கு, இதைப் போய்ப் படியுங்கள் என்று கை காட்டுவது. இணையமே அதில்தான் நிற்கிறது. காரணம் சொல்லாத தண்டனை அந்தக் கையையே நடுங்க வைத்துவிட்டது. குப்பையைக் கழிக்க வந்த மாற்றம் செய்த வேலை இது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைவிடக் கொடுமை காத்திருப்பு. பெங்குவின் கணக்கை எப்போதாவது ஒருமுறைதான் ஓட்டுவார்கள். நீங்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்திருந்தாலும், அடுத்த முறை ஓட்டும்வரை மேலே வர முடியாது. 2013 அக்டோபரில் ஓட்டினார்கள். அடுத்தது 2014 அக்டோபர். அதற்கடுத்தது எப்போது தெரியுமா? 2016 செப்டம்பர் 23. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! சிறு கடைக்காரர் ஒருவர் இரண்டு வருடம் வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார முடியுமா? சிலர் தளத்தையே கைவிட்டு, வேறு பெயரில் புதிதாக ஆரம்பித்தார்கள். 2016-இல்தான் கணக்கு இடைவிடாமல் ஓடும்படி மாற்றினார்கள். தளத்தைத் தண்டிப்பதற்குப் பதில் போலி இணைப்பை மட்டும் மதிப்பிழக்கச் செய்தார்கள். அதாவது ஓட்டு செல்லாது, வேட்பாளர் இருக்கலாம். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று அந்த வருடங்களை இழந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். பாண்டா என்ற இன்னொரு கூகுள் மாற்றத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது, அங்கே 11.8 சதவீதத் தேடல்களில் மாற்றம். மேலோட்டமாக எழுதிக் குவித்த தளங்களைக் குறிவைத்தது. அதில் ஒரு நல்ல காரியம், கூகுள் பிறகு 23 கேள்விகளை வெளியிட்டு, உங்கள் தளத்தை நீங்களே இப்படிக் கேட்டுப் பாருங்கள் என்றது. இந்தக் கட்டுரையில் உள்ள தகவலை நம்புவீர்களா, இந்தத் தளத்தில் உங்கள் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுப்பீர்களா என்பது போன்ற கேள்விகள். தளம் வைத்திருக்கும் நேயர்கள் தேடிப் படியுங்கள், இன்றைக்கும் உதவும்.

அப்புறம் 2024 மார்ச். இயந்திரத்தை வைத்து மொத்தமாக எழுதித் தள்ளுவது, காலாவதியான தளப் பெயரை வாங்கி அதன் நல்ல பெயரில் குப்பை போடுவது, பெரிய தளங்கள் தங்கள் பெயரை வாடகைக்கு விடுவது, இந்த மூன்றையும் விதிமீறல் என்று கூகுள் அறிவித்தது. வரவேற்கிறேன், முழு மனதோடு. ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்த மாற்றத்தில் விழுந்த சிறு தளங்கள் பல அப்போதும் எழவில்லை. ஹவுஸ்ஃப்ரெஷ் என்று ஒரு சிறு தளம். காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாங்களே வாங்கி, அறையைப் புகையால் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் புகை போகிறது என்று அளந்து எழுதுகிறவர்கள். கருவியைத் தொட்டுப் பார்க்காமல் பட்டியல் போடுகிற பெரிய பத்திரிகைத் தளங்களுக்குக் கீழே தாங்கள் போய்விட்டதை 2024 பிப்ரவரியில் ஆதாரத்தோடு எழுதினார்கள். அந்த வருடம் அக்டோபரில் இப்படி விழுந்தவர்களில் சுமார் இருபது பேரை கூகுள் தன் தலைமை அலுவலகத்துக்கே அழைத்துப் பேசியது. பேசினார்கள், கேட்டுக்கொண்டார்கள். எப்போது எழுவீர்கள் என்று தேதி மட்டும் சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. வரிசைப்படுத்துவதில் எவை முக்கியம் என்று தேடுபொறிகள் எளிய மொழியில் வெளியே சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் அது வேண்டும், அதற்கு மேலேயும் வேண்டும். கணக்கு கொடுத்த தண்டனைக்கும் ஒரு அறிவிப்பு, ஒரு மனு, ஒரு காலக்கெடு.

ஒரே ஒரு விஷயம், அரை நிமிடம். உங்கள் தளம் திடீரென்று விழுந்தால், உடனே எதையும் அழிக்காதீர்கள். தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற வசதியில் தண்டனை அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திருத்திவிட்டு மனுப்போடுங்கள். இல்லையென்றால் எந்தப் பக்கம் விழுந்தது, எந்தத் தேதியில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் சரிசெய்து தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.