‘பிரேக்’ என்றால் உடைப்பது மட்டும்தானா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம்: பிரேக். வண்டியில் போடும் பிரேக் இல்லை. இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தும் பொருளும் வேறு. நான் சொல்வது உடைப்பது.

என் அத்தை மகள் ஆபீஸில் முதல்முறையாகப் பிரசன்டேஷன் கொடுக்கப் போனாள். கூட வேலை செய்பவர் ‘பிரேக் எ லெக்’ என்றாராம். காலை உடைத்துக்கொள் என்கிறாரே என்று அவளுக்கு முகம் வாடிவிட்டது. அது நாடகக்காரர்கள் மேடை ஏறும்முன் சொல்லும் வாழ்த்து. நேராக வாழ்த்தினால் ஆகாது என்று எதிர்மாறாகச் சொல்லும் வழக்கம் என்பார்கள். குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோமே, அதே மனசு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பிரேக் த பேங்க்’. இந்த பேங்க் நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கி இல்லை. சூதாட்ட மேசையில் விடுதிக்காரர் வைத்திருக்கும் பணம். அதை ஒருவர் மொத்தமாக ஜெயித்துவிட்டால் பேங்க் உடைந்தது. 1891இல் சார்லஸ் வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் இப்படிப் பலமுறை ஜெயித்துப் பேர் வாங்கினார். அப்படி நடந்தால், புதுப் பணம் வரும்வரை மேசைமேல் கறுப்புத் துணி போர்த்துவார்களாம்! இன்றைக்குக் கடையில் ‘இட் வோன்ட் பிரேக் த பேங்க்’ என்றால், விலை கையைக் கடிக்காது என்று அர்த்தம்.

அப்புறம் ‘பிரேக் த நியூஸ்’. இதை நம் ‘போட்டு உடைப்பது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போட்டு உடைப்பது, மறைத்து வைத்ததைப் பட்டென்று வெளியே சொல்வது. ஆங்கிலத்தில் இதே பிரேக்கோடு ‘ஜென்ட்லி’யும் சேர்ந்து வரும். அப்படி வந்தால், துக்கச் சேதியைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கிறார்கள். இந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கே வலிக்கும்.

‘பிரேக் ஈவன்’ சுலபம்: போட்ட முதல் வந்துவிட்டது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

அதனால் நோட்டில் ‘பிரேக்’ என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். எது உடைகிறது, யார் யாரிடம் சொன்னார்கள் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். தினமும் சொல்லும் பிரேக்ஃபாஸ்ட்டையே பாருங்கள். ஃபாஸ்ட் என்றால் நோன்பு. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை அவர்கள் காலையில் உடைக்கிறார்கள். நாம் ரம்ஜானில் நோன்பைத் திறக்கிறோம்.

சரி, அடுத்த வீடியோவில் ‘டேக்’.